படுக்கையருகே பத்தாண்டு: கொங்கு நாட்டு ஐ.சி.யூ. செவிலியர்களின் பணி வாழ்வு

கோவையில் ஜி. குப்புசாமி நாயுடு நினைவு மருத்துவமனை தொடங்கப்பட்டது 1952-இல். அதே ஆண்டு ஆகஸ்டில் டென்மார்க் தலைநகர் கோபன்ஹேகனில் இளம்பிள்ளைவாதம் கடுமையாகப் பரவியது. மூச்சுத் தசைகள் செயலிழந்து பிளெக்டாம் மருத்துவமனைக்கு வந்து, அன்றைய சுவாசக் கருவிகளில் வைக்கப்பட்ட முதல் 31 பேரில் 27 பேர் இறந்துபோனார்கள். பியோன் இப்சன் என்ற மயக்கவியல் மருத்துவர் தொண்டையில் துளையிட்டுக் குழாய் செருகி, ரப்பர் பையைக் கையால் அழுத்தி மூச்சுக் கொடுக்கலாம் என்றார். அழுத்துவதற்குக் கைகள் வேண்டுமே? ஏறத்தாழ 1,500 மருத்துவ மாணவர்கள் முறை வைத்து, இரவும் பகலும் நோயாளிகளின் பக்கத்தில் உட்கார்ந்து அழுத்தினார்கள். இறப்பு பாதிக்கும் கீழே இறங்கியது. தீவிர சிகிச்சைப் பிரிவு என்ற ஏற்பாடு உலகத்துக்கு வந்த கதை இதுதான். ஒரு நோயாளிக்கு ஒருவர், கண்ணெடுக்காமல், பக்கத்திலேயே.

எழுபது ஆண்டுகளில் அந்தப் பையின் இடத்தை வென்டிலேட்டர் பிடித்துவிட்டது. 1978-இல் கங்கா மருத்துவமனை, 1990-இல் கே.எம்.சி.எச். மருத்துவமனை என்று வளர்ந்த கோவை, இன்று பாலக்காட்டிலிருந்தும் நீலகிரியிலிருந்தும் ஈரோடு, நாமக்கல், கரூரிலிருந்தும் நோயாளிகள் வந்து சேரும் மருத்துவ நகரம். அவிநாசி சாலையில் போனால் அரை மணி நேரத்தில் எத்தனையோ ஐ.சி.யூ.க்களைக் கடந்துவிடலாம். இயந்திரங்களுக்குக் குறைவில்லை. ஆனால் அந்த அறைகளின் இரவு டியூட்டிப் பட்டியலில் இருப்பவர்கள் பெரும்பாலும் படிப்பு முடித்து இரண்டு மூன்று ஆண்டுகளே ஆன இளம்பெண்கள். பத்தாண்டாகப் படுக்கையருகிலேயே வேலை பார்க்கும் ஒரு சிஸ்டரைத் தேடித்தான் கண்டுபிடிக்க வேண்டும். அவர்கள் எங்கே போகிறார்கள், ஏன் போகிறார்கள், தங்கியிருந்தால் என்ன கிடைக்கும் என்பதே இந்தக் கட்டுரையின் கேள்வி.

அனுபவம் என்பது ஐ.சி.யூ.வில் எப்படி வேலை செய்கிறது என்று முதலில் பார்த்துவிடுவோம். காலை ஏழரை மணி. நைட் முடித்தவர் ஹேண்ட் ஓவர் கொடுக்கிறார். நான்காம் பெட், அறுபது கிலோ எடை, வென்டிலேட்டரில் இரண்டாம் நாள், ஆக்சிஜன் ஐம்பது சதவீதம், பீப் எட்டு, நார்அட்ரினலின் ஓடுகிறது, கடைசி இரண்டு மணி நேரத்தில் சிறுநீர் 20, 15. புதிதாகச் சேர்ந்தவர் அந்த எண்களைச் சரியாகவே எழுதிக்கொள்வார். ஐந்தாண்டு பார்த்தவர் அங்கேயே நின்றுவிடுவார். கிலோவுக்கு அரை மி.லி. என்ற கணக்கில் மணிக்கு முப்பதாவது வர வேண்டும். கை முதலில் கதீட்டர் குழாய்க்குப் போகும்; மடங்கியிருக்கிறதா, அடைத்திருக்கிறதா? அது சரியென்றால் கண் சார்ட்டுக்குப் போகும். இரவு இரண்டு மணியிலிருந்து நார்அட்ரினலின் அளவு எப்படி ஏறியிருக்கிறது? கால் விரல்களைத் தொட்டுப் பார்ப்பார். அதன்பிறகு டியூட்டி டாக்டருக்குப் போன் போகும். இத்தனைக்கும் மூன்று நிமிடம் ஆகாது. அலாரம் எதுவும் அடித்திருக்காது. அலாரம் அடிக்கும் வரை காத்திருந்தால் சிறுநீரகம் காத்திருக்காது.

கொங்கு நாட்டு ஐ.சி.யூ.க்களுக்கென்று ஒரு முகம் உண்டு. தேசிய நெடுஞ்சாலை 544 ஒரு காரணம். 2020 பிப்ரவரியில் அவிநாசி அருகே கண்டெய்னர் லாரி மோதி, கேரள அரசுப் பேருந்தில் வந்த 19 பேர் இறந்த விபத்து ஊருக்கு நினைவிருக்கும். ஹெல்மெட் இல்லாமல் விழுந்து தலைக்காயத்தோடு தினமும் வருகிறவர்கள் செய்தியில் வருவதில்லை. மஞ்சள் காட்டிலும் வாழைத் தோப்பிலும் பாம்பு கடித்தவர்கள், பூச்சிமருந்து நஞ்சேறியவர்கள், இந்தப் பகுதிக்கே உரிய சாணிப்பவுடர் நஞ்சு, இவை மற்றொரு பக்கம்.

கட்டுவிரியன் கடித்து வருகிறவரை எடுத்துக்கொள்வோம். நஞ்சு நரம்பும் தசையும் சேரும் இடத்தை அடைத்துவிடும். இமை திறக்காது, கை அசையாது, மூச்சுத் தசையும் நின்றுவிடும். வென்டிலேட்டரில் நாள்கணக்கில் கிடப்பார். பார்ப்பவருக்கு அது கோமா போலத் தெரியும். ஆனால் அவருக்கு நினைவு இருக்கலாம், பக்கத்தில் பேசுவதெல்லாம் கேட்கலாம். இது தெரிந்த சிஸ்டர் சக்சன் குழாயை எடுப்பதற்கு முன் அவர் காதருகே குனிந்து சொல்வார்: “அண்ணா, இப்ப சளி எடுக்கப் போறனுங்க. கொஞ்சம் இருமல் வரும், பயந்துக்காதீங்க. மணி காலைல நாலுங்க. அக்கா வெளியதான் உக்காந்திருக்காங்க. மருந்து வேலை செய்யுது, கண்ணு தானா தொறந்துருமுங்க.” எந்த மானிட்டரிலும் பதிவாகாத சிகிச்சை இது. பூச்சிமருந்து நஞ்சுக்கு அட்ரோபின் ஓடும்போதும் அப்படித்தான்: கண்பாவை, நெஞ்சுச் சளியின் சத்தம், வியர்வை, நாடித்துடிப்பு என்று சில நிமிடங்களுக்கு ஒருமுறை பார்த்து அளவை ஏற்றவும் இறக்கவும் சொல்ல வேண்டும். குறைந்தாலும் ஆபத்து, கூடினாலும் ஆபத்து. மருத்துவர் வந்து போகிறவர். சிஸ்டர் அங்கேயே இருப்பவர்.

அவர் அங்கேயே இருக்க முடிகிறதா என்பதுதான் அடுத்த கேள்வி. வென்டிலேட்டர் நோயாளி ஒருவருக்கு ஒரு செவிலியர், மற்ற ஐ.சி.யூ. நோயாளிகள் இருவருக்கு ஒருவர் என்பதே இந்தியாவில் தரச்சான்று பெறும் மருத்துவமனைகள் ஏற்றுக்கொண்ட அளவு. அமெரிக்காவின் கலிபோர்னியாவில் ஐ.சி.யூ.வில் ஒரு செவிலியருக்கு இரண்டு நோயாளிகளுக்கு மேல் கூடாது என்பது 2004 முதல் நடைமுறையில் இருக்கும் விதிகளில் ஒன்று. லிண்டா எய்க்கனும் அவர் குழுவினரும் பென்சில்வேனியா மருத்துவமனைகளை ஆராய்ந்து 2002-இல் வெளியிட்ட முடிவு உலகெங்கும் எடுத்துக்காட்டப்படுகிறது: ஒரு செவிலியரின் பொறுப்பில் நோயாளி ஒருவர் கூடினால், அறுவை சிகிச்சை நோயாளிகள் 30 நாளுக்குள் இறக்கும் வாய்ப்பு 7 சதவீதம் கூடுகிறது. நம் ஊரில் இரவில் ஒரே சிஸ்டர் இரண்டு வென்டிலேட்டரைப் பார்ப்பது சர்வ சாதாரணம். யாராவது லீவு போட்டால் மூன்று.

இதை நிர்வாகத்தின் அலட்சியம் என்று மட்டும் சொல்லி நகர்ந்துவிடக் கூடாது. கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். ஒரு படுக்கைக்கு நாளுக்கு மூன்று ஷிப்ட் என்றால் ஆண்டுக்கு 1,095 ஷிப்ட். ஒரு செவிலியர் வார ஓய்வு 52 நாள், விடுப்பும் பண்டிகையும் ஒரு மாதம் போக, ஏறத்தாழ 280 நாள் வேலை செய்வார். ஆக ஒரு படுக்கைக்கு நான்கு பேர், பத்துப் படுக்கைக்கு நாற்பது பேர் தேவை. ஒரு ஷிப்டுக்குப் பத்துப் பேர் வேண்டும் என்றதும் இருபது பேரை எடுத்து, மீதியை டபுள் டியூட்டியால் நிரப்பும் இடங்களில்தான் பெண்கள் ஓராண்டுக்குள் ஓடிப்போகிறார்கள். ஓடிப்போனவர் இடத்துக்குப் புதியவர், அவரைப் பழக்க மூன்று மாதம், பழகியதும் அவரும் போய்விடுவார். இந்தச் சுழற்சிக்கு மருத்துவமனை கொடுக்கும் விலை எந்தக் கணக்குப் புத்தகத்திலும் ஏறுவதில்லை. படுக்கையில் கிடப்பவர் கொடுக்கிறார்.

சம்பளத்துக்கு வருவோம். இந்தியப் பயிற்சி பெற்ற செவிலியர் சங்கம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 2016 ஜனவரி 29 அன்று பிறப்பித்த உத்தரவின்படி மத்திய அரசு ஒரு குழுவை அமைத்தது. 200 படுக்கைக்கு மேலுள்ள தனியார் மருத்துவமனை அரசுச் செவிலியருக்கு இணையான சம்பளம் தர வேண்டும். 100 படுக்கைக்கு மேல் என்றால் அதில் 10 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50 முதல் 100 வரை என்றால் 25 சதவீதத்துக்கு மேல் குறையக் கூடாது. 50-க்குக் கீழ் என்றாலும் 20,000 ரூபாய்க்குக் குறையக் கூடாது என்றது அந்தக் குழு. கேரளத்தில் செவிலியர்கள் தெருவில் இறங்கிப் போராடியதால் 2018-இல் குறைந்தபட்ச ஊதிய அறிவிக்கை வந்தது. வாளையாறு எல்லையைத் தாண்டித் தமிழ்நாட்டுப் பக்கம் பரிந்துரை பரிந்துரையாகவே நிற்கிறது. பாலக்காட்டுப் பெண்கள் முன்பெல்லாம் கோவை மருத்துவமனைகளின் முதுகெலும்பாக இருந்தார்கள். அவர்கள் இங்கே வரத் தயங்கினால் வியக்க ஒன்றுமில்லை.

அரசுப் பணி நிம்மதி என்ற நம்பிக்கை கொங்கு வீடுகளில் ஆழமானது. அதன் பாதையையும் பார்த்துக்கொள்ள வேண்டும். மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் 2015-இல் தேர்வு நடத்தி எடுத்தவர்கள் மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியத்தில் சேர்ந்தார்கள். பணி நிரந்தரம் கேட்டு 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் ஆயிரக்கணக்கானோர் உட்கார்ந்த பிறகே அந்தத் தொகை 14,000 ஆனது. கொரோனா காலத்தில் ஒப்பந்தத்தில் எடுக்கப்பட்ட 2,000-க்கும் மேற்பட்டவர்களின் பணி 2022 டிசம்பர் 31-உடன் முடித்துவைக்கப்பட்டது. சேலத்தில் அவர்கள் தெருவில் நின்று அழுதார்கள். அதற்கு முந்தைய ஆண்டு, 2021 மே மாதம் கோவையின் அன்றாடத் தொற்று எண்ணிக்கை சென்னையைத் தாண்டியது. சிங்காநல்லூர் இ.எஸ்.ஐ. மருத்துவமனையும் பெருந்துறை மருத்துவமனையும் நிரம்பி வழிந்த அந்தக் கோடையில், கவச உடைக்குள் பல மணி நேரம் தண்ணீர் குடிக்காமல் நின்றவர்களைப் பார்த்துக் கைதட்டினோம். ஒப்பந்தம் முடிந்தது என்ற காகிதம் அவர்களுக்குத் தரப்பட்டதை நம் காலத்து நன்றிகேடாகவே நான் நினைக்கிறேன். வேறு திட்டங்களில் தொகுப்பூதிய வேலை தருவதாக அரசு பிறகு சொன்னது. நிரந்தரம் ஆகும் வரை காத்திருக்கும் பொறுமையும், அதுவரை வீட்டைத் தாங்கும் வேறு வருமானமும் இருப்பவர்களுக்கு அரசுப் பாதை நல்ல பாதைதான். எய்ம்ஸ் நிறுவனங்களுக்கான நார்செட் தேர்வு, ரயில்வே, இ.எஸ்.ஐ., ராணுவச் செவிலியர் பணி ஆகியவற்றையும் சேர்த்தே எழுதிப் பார்க்கலாம். நேரடியாக நிரந்தரச் சம்பள விகிதத்தில் எடுக்கும் இடங்கள் இவற்றில் உண்டு.

சம்பளத்தைவிடவும் எனக்கு உறுத்துவது ஏணி. ஒரு ஐ.சி.யூ. சிஸ்டர் வேலையில் சிறந்து விளங்கினால் அவருக்குக் கிடைக்கும் பதவி உயர்வு இன்சார்ஜ். அடுத்து சூப்பர்வைசர். அல்லது எம்.எஸ்சி. முடித்து நர்சிங் கல்லூரி ஆசிரியை. அல்லது தரச்சான்றுப் பிரிவு, தொற்றுத் தடுப்புப் பிரிவு, இன்சூரன்ஸ் மேசை. ஒவ்வொரு படியும் நோயாளியிடமிருந்து விலகிப் போகிறது. கையில் வித்தை இருப்பவரைப் பதிவேட்டின் முன் உட்கார வைப்பதே உயர்வு என்றாகிவிட்டது.

இதை மாற்றக்கூடிய ஒரு படிப்பு வந்தது. இந்திய நர்சிங் கவுன்சில் 2016 வாக்கில் தொடங்கிய, தீவிர சிகிச்சையில் நர்ஸ் பிராக்டிஷனர் என்ற இரண்டாண்டு முதுநிலைப் படிப்பு. பி.எஸ்சி. முடித்து ஓராண்டு மருத்துவமனை அனுபவம் உள்ளவர்கள் சேரலாம், வகுப்பறையைவிட ஐ.சி.யூ.விலேயே அதிக நேரம் கழியும். படித்து வந்தவர் வென்டிலேட்டரிலிருந்து நோயாளியைப் படிப்படியாக விடுவிப்பது போன்றவற்றில், மருத்துவர் வகுத்த நெறிமுறைக்குள் தானே முடிவெடுக்கத் தகுதி பெறுகிறார். ஆனால் அவருக்கென்று தனிப் பதவியும் தனிச் சம்பளமும் பெரும்பாலான மருத்துவமனைகளில் உருவாகவில்லை. 1947-இன் நர்சிங் கவுன்சில் சட்டத்துக்குப் பதிலாக 2023-இல் தேசிய செவிலியர் மற்றும் மகப்பேறு உதவியாளர் ஆணையச் சட்டம் நிறைவேறியிருக்கிறது. புதிய ஆணையம் முதலில் செய்ய வேண்டிய வேலைகளில் இந்தப் பதவியை நிலைநாட்டுவதும் ஒன்று. கோவையில் பெரிய மருத்துவமனை ஒன்று துணிந்து, ‘படுக்கையருகிலேயே மூத்த நிபுணர்’ என்று ஒரு பணிநிலையை உருவாக்கி இன்சார்ஜுக்கு இணையான சம்பளம் கொடுத்தால், மற்றவர்கள் பின்னாலேயே வருவார்கள்.

வெளிநாடு போவதைப் பற்றி நம் ஊரில் இரண்டு குரல் கேட்கிறது. ஒன்று பெருமை, மற்றொன்று ‘இங்கே படித்துவிட்டு அங்கே போகிறார்களே’ என்ற குறை. இரண்டாவது குரலோடு எனக்கு உடன்பாடில்லை. தங்குவதற்கான காரணத்தை இங்கே யாரும் கொடுக்காதபோது கிளம்புகிறவரைக் குறை சொல்ல என்ன இருக்கிறது? போகிறவர்கள் விவரம் தெரிந்து போக வேண்டும், அவ்வளவுதான். வளைகுடா நாடுகள் பொதுவாக இரண்டாண்டு அனுபவம் கேட்கும். சான்றிதழ்கள் டேட்டாஃப்ளோ என்ற நிறுவனம் வழியே சரிபார்க்கப்படும். அந்தந்த நாட்டு உரிமத் தேர்வு உண்டு. பிரிட்டனுக்கு ஐ.இ.எல்.டி.எஸ். அல்லது ஓ.இ.டி. ஆங்கிலத் தேர்வு, கணினித் தேர்வு, அங்கே போனதும் ஆஸ்கி செய்முறைத் தேர்வு. ஜெர்மனிக்கு மொழியில் பி2 நிலையும் தகுதி அங்கீகாரமும் வேண்டும். மொழிக்கே ஓராண்டு ஒதுக்க வேண்டியிருக்கும். அமெரிக்காவுக்கு என்கிளெக்ஸ் தேர்வில் தேறிய பிறகும் விசாவுக்கு நீண்ட காத்திருப்பு. 2015 முதல் வளைகுடா உள்ளிட்ட 18 நாடுகளுக்குச் செவிலியர் போவதை மத்திய அரசு குடியேற்ற அனுமதிக்குள் கொண்டுவந்து, அரசு நிறுவனங்கள் வழியாகவே ஆளெடுக்க வேண்டும் என்றது. லட்சக்கணக்கில் கமிஷன் பிடுங்கியவர்களால் வந்த விதி அது. தமிழ்நாட்டில் 1978-இல் தொடங்கிய அயல்நாட்டு வேலைவாய்ப்பு நிறுவனம் அரசுடையது. முகவரிடம் பணம் கட்டுவதற்கு முன் அங்கே விசாரிப்பது நல்லது.

வெளிநாட்டுக் கனவு ஒரு தீங்கையும் செய்கிறது. இரண்டாண்டுச் சான்றிதழே குறி என்றாகிவிட்டால் அந்த இரண்டாண்டும் கடிகாரத்தைப் பார்ப்பதிலேயே கழிந்துவிடும். முதல் ஆறு மாதத்தில் வென்டிலேட்டரின் நான்கு எண்களை வாசிக்கவும், இரத்த வாயுப் பரிசோதனை முடிவைத் தானே புரிந்துகொள்ளவும் கற்றுக்கொள்ளுங்கள். தலைப்பக்கம் 30 முதல் 45 டிகிரி உயர்வு, வாய்ச் சுத்தம், குழாயின் கஃப் அழுத்தம், இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைத்தல் ஆகியவை சில்லறை வேலைகளாகத் தெரியும். வென்டிலேட்டர் நிமோனியாவையும் படுக்கைப் புண்ணையும் தடுப்பவை அவையே. ஏ.சி.எல்.எஸ். சான்றிதழ் இரண்டாண்டில் காலாவதியாகும், புதுப்பித்துக்கொள்ளுங்கள். மூளைச்சாவு அடைந்தவரின் உறுப்புகளைத் தானம் வரை காக்கும் பணியைப் பார்க்க வாய்ப்புக் கிடைத்தால் நழுவ விடாதீர்கள். ஆறு மணி நேர இடைவெளியில் இருமுறை மூளைச்சாவுச் சோதனை நடக்கும் வரை இரத்த அழுத்தம், உப்புச் சமநிலை, உடல் வெப்பம் அனைத்தையும் தாங்கிப் பிடிப்பது செவிலியர் கைதான். 2023 செப்டம்பரில் உறுப்பு தானம் செய்தவர்களுக்கு அரசு மரியாதை என்று தமிழ்நாடு அறிவித்தது. அந்த மரியாதையில் பெயர் சொல்லப்படாத பங்கு ஐ.சி.யூ. சிஸ்டருக்கு உண்டு.

உடம்பையும் காத்துக்கொள்ள வேண்டும். ஹெபடைட்டிஸ் பி தடுப்பூசி போட்டு, எதிர்ப்புச் சக்தி உருவாகியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள். ஊசி குத்திவிட்டால் மறைக்காதீர்கள், எச்.ஐ.வி. தடுப்பு மருந்தை முடிந்தவரை இரண்டு மணி நேரத்துக்குள், அதிகபட்சம் 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். ஆள் தூக்கும்போது ஒற்றை ஆளாகத் தூக்காதீர்கள். முதுகு போனால் திரும்பாது.

கல்யாணம் பற்றிப் பேசாமல் கொங்குச் செவிலியர் வாழ்வைப் பேச முடியாது. ‘பொண்ணு நைட் டியூட்டி போகுதுங்களா?’ என்ற கேள்வி பெண் பார்க்க வரும் வீட்டில் இன்றும் எழுகிறது. கல்யாணத்துக்குப் பிறகு முதலில் கைவிடப்படுவது ஐ.சி.யூ. பணிதான்; அவுட் பேஷன்ட் பிரிவுக்கு மாற்றல் கேட்பார்கள், குழந்தை பிறந்ததும் அதுவும் நிற்கும். 2017 திருத்தத்தின்படி மகப்பேறு விடுப்பு 26 வாரம். ஐம்பது பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் குழந்தைக் காப்பகம் கட்டாயம். இரவிலும் திறந்திருக்கும் காப்பகம் ஒன்று இருந்தால் எத்தனை அனுபவசாலிகள் திரும்பி வருவார்கள் என்று நிர்வாகங்கள் எண்ணிப் பார்க்க வேண்டும். மாமியார் வீட்டாருக்குச் சொல்ல ஒன்றுண்டு: உங்கள் வீட்டுப் பெரியவர் வென்டிலேட்டரில் கிடக்கும் இரவில், உங்களுக்குத் தேவைப்படுவது இதே போல நைட் டியூட்டி பார்க்கும் வேறொரு வீட்டு மருமகள்தான்.

வேலைக்குச் சேரும் நாளில் கவனம் வேண்டும். அசல் சான்றிதழ்களைக் கேட்டால் சரிபார்க்கக் காட்டி, நகலைக் கொடுத்துவிட்டு வாருங்கள். கல்விச் சான்றிதழ் அடகு வைக்கும் பொருளல்ல, அதைப் பிடித்துவைக்க உரிமையில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் திரும்பத் திரும்பச் சொல்லியிருக்கிறது. பி.எஃப்., இ.எஸ்.ஐ. பிடித்தம் சம்பளச் சீட்டில் தெரிகிறதா என்று பாருங்கள். அனுபவச் சான்றிதழில் ‘ஐ.சி.யூ.’ என்ற பிரிவின் பெயர் எழுதித் தருவார்களா என்று முதல் நாளே கேட்டுவிடுங்கள். உறவினர்கள் கோபத்தில் கை ஓங்கினால் புகார் கொடுப்பது யார் பொறுப்பு என்றும் கேளுங்கள். மருத்துவப் பணியாளர்களைத் தாக்குவதற்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2008 முதல் தனிச் சட்டம் இருக்கிறது; புகாரை நிர்வாகமே கொடுக்கும் இடத்தில்தான் அதற்கு உயிர் உண்டு. நேர்காணலில் உங்களுக்கும் கேள்வி கேட்க உரிமை இருக்கிறது. இரவில் ஒருவருக்கு எத்தனை வென்டிலேட்டர்? போன மாத டியூட்டிப் பட்டியலைப் பார்க்கலாமா? இந்த ஐ.சி.யூ.வில் ஐந்தாண்டு தாண்டியவர்கள் எத்தனை பேர்? கடைசிக் கேள்விக்குப் பதில் வராவிட்டால், சம்பளம் ஆயிரம் ரூபாய் குறைவாக இருந்தாலும் பதில் சொல்லும் இடத்துக்குப் போங்கள். கற்றுக்கொடுக்க ஆள் இருப்பது அங்கேதான்.